திருநாவுக்கரசு சுவாமிகளும் சூலைநோயும்

சமயாசாரியர் நால்வரையும் இறைவன் ஆட்கொண்ட வகையை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு வேற்றுமை புலனாகும். திருஞானசம்பந்த சுவாமிகளுக்குச் சீகாழித் திருக்குளக்கரையிலே ஞானப்பால் வந்தது. சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு மணப்பந்தரிலே ஓர் ஆளோலை வந்தது. மாணிக்கவாசக சுவாமிகளுக்குத் திருப்பெருந்துறையிற் குருந்தமர நீழலிலே குருமூர்த்தம் வந்தது. திருநாவுக்கரசு சுவாமிகளுக்கோ வந்தது வயிற்றுவலி. ஏனை மூவர் சரிதங்களையும் படிக்கும்போது வியப்பும் அன்பும் மேலிடுகின்றன. இவர் சரிதத்தைப் படிக்கும்போது அவற்றோடு ஓர் அச்சமும் உடன் எழுகின்றது. என்னை? பாலும் குருவும் நம்மனோர்க்கு அரியன. வலியோ எவர்க்கும் எளிதில் வருவது. வயிற்றிலும் விலாவிலும் இடுப்பிலும் நாட்கணக்காக வலியுற்று, சிறுநீரகத்திற் பழுதுண்டோ என ஐயுற்று, மருத்துவர் பலரைக் கண்டும் நோயின் பெயரையும் அறியமாட்டாது உழல்வார் இக்காலத்தும் உளர். மடங்களிலே தங்கிப் பயிலும் அன்பருள்ளும் அத்தகையார் உண்டு. அவர் இச்சரிதத்தைப் படிக்குங்கால் வினவும் வினா ஒன்றுண்டு: இந்நோய் எனக்குத் தண்டமோ, அன்றி அருளோ என்பதே அது. அவ்வினாவை மனத்திற்கொண்டு சுவாமிகளது சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூர் என்னும் ஊரில், வேளாளர் மரபிற் குறுக்கை குடியிலே, புகழனார்க்கும் மாதினியார்க்கும் முதலிற் பிறந்தவர் திலகவதியார். பின்னர்ப் பிறந்த ஆண்மகவுக்கு மருணீக்கியார் என்று பெயரிட்டனர். திலகவதியார்க்குப் பன்னிரண்டாம் ஆண்டு நிகழ்ந்தபொழுது, அரசன்பாற் சேனைத்தலைவராயிருந்த கலிப்பகையார் என்பவர் அவரை மணம் பேசி இசைவு பெற்றார். மணம் நிகழுமுன்னரே அரசன் ஏவலால் வடபுலத்துப் போர்மேற் சென்றார். அவர் மீளுமுன் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியார் கணவரைப் பின்தொடர்ந்தார். கலிப்பகையாரும் போர்க்களத்திற் பட்டார் என்னும் செய்தி அடுத்து வந்தது. பெற்றோர் கொடுக்க இசைந்தமையால் தாம் அவர்க்கே உரியர் எனக் கருதித் திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். இளையரான மருணீக்கியார் தமக்கையார் திருவடியில் வீழ்ந்து, தந்தையும் தாயும் இல்லாத தமக்கு அவரே அவ்விருவருமாக உள்ளார் என்றும், அவர் உயிர்விடின் தாம் முன்னர் விடுதல் திண்ணம் என்றும் கூறி அழுதார். தம்பியின்பொருட்டு அவ்வம்மையார் உயிர் தாங்கினார். இச்சரிதத்தின் வேர் இந்நிகழ்ச்சியே என்பது எமது கருத்து. பின்னாளிலே தம்பியார் சூலையால் வருந்தியபோது அவரை மீட்டவர், முன்னர் அவர்பொருட்டே இறவாதிருந்தவர்.

குடியிலே அடுத்தடுத்து நிகழ்ந்த சாவுகள் மருணீக்கியார் உள்ளத்திலே நிலையாமையை அழுத்தின. அவர் தம் பொருளையெல்லாம் அறத்திற் செலவிட்டார், தண்ணீர்ப்பந்தர் வைத்தார், சோலை வளர்த்தார், குளந் தொட்டார், விருந்தோம்பினார். அதன்பின் மெய்ச்சமயம் எது என ஆராயத் தொடங்கி, அமண் சமயத்தைத் தழுவிப் பாடலிபுத்திரத்துப் பள்ளியை அடைந்தார். பாடலிபுத்திரம் என்பது திருப்பாதிரிப்புலியூரைச் சார்ந்த இடமென்பர். அங்கு அமண் கல்வி நெடுங்காலம் சிறந்திருந்தது. லோகவிபாகம் என்னும் நூல் சகம் 380-ல், அஃதாவது கி.பி. 458-ல், காஞ்சியில் அரசுபுரிந்த சிம்மவர்மனது 22-ஆம் ஆட்சியாண்டில், இவ்வூரிலே எழுதப்பெற்றதெனத் தானே கூறுகின்றது. ஆகவே மருணீக்கியார் சென்றடைந்தது சிறியதொரு குடிலன்று. ஒரு நூற்றாண்டுக்குக் குறையாத புகழ் படைத்த கல்விச்சாலை. அங்கே அவர் கலைகளை முற்றக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். அவர் அங்குச் சென்றது பொருளாசையாலன்று, உண்மை காணும் வேட்கையாலே என்பதைச் சேக்கிழார் சுவாமிகள் மறைக்கவில்லை. நம்மவருட் சிலர் இவ்விடத்தைக் கூறுங்கால் அவரை அறிவிழந்தார் போலப் பேசுதல் முறையன்று.

திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, கெடிலக் கரையிலே மடம் அமைத்துக்கொண்டு, விடியுமுன் திருவலகிட்டும், சாணநீரால் மெழுகியும், நந்தவனத்து மலர் கொய்து மாலை தொடுத்தும் தொண்டு செய்து வந்தார். தம்பியார் புறச்சமயத்துச் சேர்ந்தமை கேட்டு அவர் தம்பியார்பாற் சென்று வாதிட்டிலர். ஆள்விட்டு இடித்துரைத்ததாகவும் புராணம் கூறவில்லை. இறைவன் சந்நிதியிலே நாடோறும் விண்ணப்பித்தலே செய்தார். இறைவர் கனவிலே தோன்றி, அவர் தம்பி முற்பிறப்பிலே தம்மை அடையத் தவம் முயன்ற முனிவன் என்றும், இனிச் சூலைநோய் தந்து அவனை ஆட்கொள்வோம் என்றும் அருளிச்செய்தார்.

சூலை வந்தது. அது வந்த வகையைச் சேக்கிழார் கூறுமிடம் படிப்பார் உடலையும் நடுங்கச் செய்வது. வடவைத் தீயும் கொடுநஞ்சும் இடியும் ஒன்றுகூடினாற்போல வயிற்றினுட் புகுந்து குடைந்தது என்பர். தருமசேனர் தாம் இருந்த அறையிலே வீழ்ந்தார். தாம் பயின்ற மந்திரங்களால் தடுக்க முயன்றார். நோய் மேலும் மிகுந்தது. பள்ளியிலுள்ளார் திரண்டு வந்தனர். குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர். மயிற்பீலியால் உடலைத் தடவினர். நோய் சிறிதுந் தணியாமை கண்டு, இஃது எம்மால் தீராதென்று கைவிட்டு அகன்றனர். கைவிட்டமை ஒன்றையே எடுத்துக்கொண்டு அவரைப் பழிப்பார் பலர். தமக்குத் தெரிந்த மருத்துவமனைத்தையும் செய்து பார்த்த பின்னரே அவர் அகன்றனர் என்பதையும் உடன் நினைத்தல் நடுநிலைமையாம். காரணம் தோன்றாத வலியின்முன் கல்வியுடையாரும் கையற்று நிற்பது அன்று மட்டும் நிகழ்ந்ததன்று.

சூலை என்னுஞ் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சூலத்தாற் குத்தினாற் போன்ற வலி என்பது அதன் பொருள். நம் நாட்டு மருத்துவ நூல்கள் வயிறு, விலா, இடுப்பு, மூட்டு முதலிய பல இடங்களில் தோன்றும் குத்துவலிகளை அப்பெயரால் வழங்கும். ஆகவே சூலை என்பது ஒரு நோயின் பெயர் என்பதினும் ஒருவகை வலியின் பெயர் என்பதே பொருந்தும். சுவாமிகள் திருவதிகையில் அருளிய முதற்பதிகம், நோயுற்றார் தாமே கூறும் நோய்நிலை உரையாகவும் அமைந்துள்ளது. வலி வயிற்றகத்தைப் பற்றிக் குடரோடு பிணித்து உடலை முடக்குகின்றது என்கின்றார். வியர்வை பெருகுதலையும், தரையிற் புரளுதலையும், வீழ்ந்து மீண்டும் எழுதலையும் கூறுகின்றார். இக்காலத்து மருத்துவர் இவ்வடையாளங்களைக் கேட்பின் ஒன்று கூறுவர். வயிற்றின் உட்சவ்விலே அழற்சி கண்டவன் அசையவும் அஞ்சிக் கிடப்பான், குண்டிக்காய் என முன்னோர் வழங்கிய சிறுநீரகத்திலே கல் தோன்றி அது குழாய்வழி இறங்கப்பெற்றவனோ ஓரிடத்துங் கிடக்கமாட்டான், விலாவிலே தொடங்கி இடுப்பையும் அடிவயிற்றையும் நோக்கி அலையலையாக வரும் வலியால் புரண்டும் எழுந்தும் தவிப்பான், உடல் வியர்க்கும், குமட்டலும் உண்டாம். அன்றியும், வெப்ப நாட்டிலே நீர் குறைத்துப் பருகுவார்க்குக் கல் தோன்றுதல் எளிது என்பர். திகம்பர முனிவர் நாளொன்றுக்கு ஒருமுறையே உணவும் நீரும் கொள்ளும் கடுநோன்பினர் என்பதும் நினைக்கத்தக்கது.

இவ்வளவால் சுவாமிகளுக்கு வந்தது கல்லடைப்பே என்று யாம் துணிகின்றிலம். பதின்மூன்று நூற்றாண்டுக்கு அப்பால் நின்று நாடி பிடித்தல் நகைப்புக்கு இடமாம். அவ்வாறு துணியினும் சித்தாந்தத்துக்கு இழுக்கொன்றும் இல்லை. இறைவன் உயிர்களுக்கு நுகர்ச்சியை ஊட்டுவது உடலின் வழியே. உடலிலே நிகழ்வது உடலின் இயல்பு பற்றியே நிகழும். காரணம் உடலிலுளதேல் இறைவன் செயல் இல்லை என்பாரும், இறைவன் செயலேல் உடலிற் காரணம் தேடலாகாது என்பாரும், நிமித்தகாரணத்தையும் ஏனைக் காரணங்களையும் பகுத்தறியாதவரே. வலியுடையார் மருத்துவரிடம் சென்று, சிறுநீரையும் குருதியையும் சோதிப்பித்து, ஒலியலைப் படம் எடுப்பித்துப் பார்த்தலைச் சுவாமிகளது சரிதம் எவ்விடத்தும் விலக்கவில்லை. சிறுநீரகம் பெரிதும் பழுதுறும் வரையில் வலியே தோன்றாதிருத்தலும் உண்டாகலின், வலி தணிந்தமை கொண்டு வாளாவிருத்தலும் தவறாகும். இது நிற்க.

வலியின் நடுவே தருமசேனர் நினைத்தது தமக்கையாரை. தமக்கு உணவமைப்பான் ஒருவனை அவர்பால் அனுப்பினார். அவன் திருவதிகை சென்று, நந்தவனத்தின் புறத்தே திலகவதியாரைக் கண்டு, தம்பியார் நிலையை உணர்த்தினான். அவர் அமண் பள்ளிக்குத் தாம் வருதல் இல்லை என்று கூறி அவனை மீட்டனுப்பினார். இவ்விடத்தைப் படிப்பார் சிலர் அம்மையாரைக் கடுமையுடையார் என்று எண்ணுவர். அவர் நெஞ்சு உருகாமலில்லை. ஆயினும், தாம் சென்றால் தம்பி இருந்த இடத்திலேயே இருப்பன். தம்பி வந்தாலன்றி மீட்சி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கூற்று தம்பியார் செவியில் வீழ்ந்தபொழுது வலியினும் அதிகமாகச் சுட்டிருத்தல் வேண்டும். இனி யாது செய்வேன் என்று அயர்ந்தவர், தமக்கையார் திருவடியே தமக்குப் புகல் எனத் துணிந்தார். உடுத்த பாயையும், உறிபொருந்திய குண்டிகையையும், மயிற்பீலியையும் ஒழித்தார். வெள்ளாடை உடுத்தார். பள்ளியிலுள்ளார் அறியாவண்ணம் இரவிலே புறப்பட்டார்.

பாதிரிப்புலியூரினின்றும் திருவதிகைக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நலமுடையான் ஒருவனே இருளில் நடப்பின் இளைப்பான். வயிற்றைப் பற்றிக்கொண்டு, வலி எழுந்துழி அமர்ந்து, தணிந்துழி எழுந்து நடந்த அவ்விரவை நினைக்குங்காற் கண்ணீர் வருகின்றது. ஆன்மா பக்குவமுற்றதும் மலம் நெகிழ்ந்து சத்திநிபாதம் நிகழும் என்று நூல்களிற் படிக்கின்றோம். அது நிகழ்ந்த மேனி எவ்வாறிருந்தது என்பதை இவ்வழிநடையே நமக்குக் காட்டும்.

திலகவதியார் மடத்தை அடைந்து அவர் திருவடியில் வீழ்ந்தார். சூலையால் ஆற்றாது வந்தேன், உய்யும் வழி அருள்க என இரந்தார். அம்மையார் அவரை நோக்கிப் புறச்சமயம் புக்கதன் பயன் இதுவென்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுப்பினார், இறைவன் கருணையை நினைந்து தொழுதார், திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பிறர் நோயுற்றபோது, இஃது இன்ன பாவத்தின் பயன் என்று அவர் படுக்கையருகே நின்று கணக்குரைப்பாரை யாம் கண்டிருக்கின்றோம். அவர் வினைக்கொள்கையைக் கற்றவராகலாம், திலகவதியாரைக் கற்றவரல்லர்.

திருப்பள்ளியெழுச்சிக் காலத்திலே, திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குச் செல்லும் தமக்கையாரைத் தம்பியார் பின்தொடர்ந்தார். வலஞ் செய்து நிலத்தில் வீழ்ந்து வணங்கினார். உணர்வு வந்து பொருந்தத் தமிழ்ப்பதிகம் எழுந்தது. கொல்லிப் பண்ணில் அமைந்த அப்பதிகமே நான்காந் திருமுறையின் முதலில் நிற்பது. அதனை நோய் தீர்க்கும் பதிகமாக அன்பர் இன்றும் ஓதுகின்றனர். ஓதுவார் அதன் உள்ளுறையை ஊன்றி நோக்குதல் வேண்டும். அது முதலில் நன்றி கூறவில்லை, முறையிடுகின்றது. கூற்றுவன் போல வந்து நலியும் இதனை ஏன் விலக்கவில்லை என்று கேட்கின்றது. தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியார் என்கின்றது. அடியவர் படுவது இத்தன்மைத்தாயின் தம்மையொத்தார் இனி இறைவனை எவ்வாறு நம்புவர் என்றும் துணிந்து கூறுகின்றது. வலியுற்றவன் இறைவனோடு வழக்கிடுதல் பத்திக்கு இழுக்கென்று கருதுவார்க்கு இப்பதிகமே விடை.

அதனுள் ஆராய்ச்சிக்குரிய இடம் ஒன்றுண்டு. நீரும் மலரும் புகையும் கொண்டு வழிபடுதலையும், இசைத்தமிழ் பாடுதலையும், நன்மையிலும் தீமையிலும் இறைவனை நினைத்தலையும் தாம் மறந்ததில்லை என்கின்றார். புறச்சமயத்துத் தலைமை பூண்டிருந்தவர் இவ்வாறு கூறுதல் எங்ஙனம் பொருந்தும்? முற்பிறப்புத் தவத்தைக் குறித்தது என்பாரும், இளமையிற் பெற்றோரிடம் பயின்றதைக் குறித்தது என்பாரும், இனி மறவேன் என்னும் உறுதியை இறந்தகாலத்தாற் கூறியது என்பாரும் உளர். கனவில் இறைவர் கூறியருளியதனோடு பொருந்துதலின் முதலாவதே எமக்கு ஏற்புடைத்து. மருணீக்கியார் அறியாதிருந்த காலத்தும் அவருயிர் அறிந்திருந்த ஒன்றைச் சூலை வெளிப்படுத்தியது.

இறுதிப் பாட்டிலே வியர்த்துப் புரளும் தம் நிலையைக் கூறுகின்ற சுவாமிகள், அதே பாட்டில் மலையின்கீழ் நெருக்குண்ட இராவணனை நினைக்கின்றார். நெருக்கிய திருவிரலே பின்னர் அவனுக்கு அருளியது. அதனைக் கருதித் தமக்கும் இரங்குக என்கின்றார். பிற்காலத்துச் சுவாமிகள் அருளிய பதிகங்களிற் பெரும்பாலானவற்றின் இறுதியில் இராவணன் வருதல் யாவரும் அறிந்தது. அஃது அவர் வழக்கு என்று சொல்லி அமைவர் பலர். எமக்கோ, அவ்வரக்கனிடத்தே சுவாமிகள் தம்மையே கண்டார் என்று தோன்றுகின்றது. நெருக்குண்டு அலறிப் பாடி அருள் பெற்றவன் அவன். நெருக்குண்டு அலறிப் பாடி அருள் பெற்றவர் இவர்.

பதிகம் முடிய வலி நீங்கிற்று. நாவுக்கரசு என்னும் பெயர் வானிடத்தே எழுந்தது.

இனி முன்னர்க் கூறிய வினாவுக்கு வருவாம். சூலை தண்டமோ, அருளோ? வினையின்றி இறைவன் துன்பஞ் செய்வானாயின் அவனுக்குக் கொடுமை எய்தும். சிலர்க்கே செய்வானாயின் பக்கபாதம் எய்தும். ஆகலின் சூலையும் நுகர்ச்சிக்கு வந்த பிராரத்தமே. அதனை எக்காலத்தில், எவ்விடத்தில், எப்பயன் நோக்கி ஊட்டுதல் என்பதிலேதான் திருவருள் விளங்குகின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்திலே இதற்கு இரண்டு உவமை காட்டினார். சொல்வழி வாராத பிள்ளையை அடித்தும் கட்டியும் திருத்தும் பெற்றோர் செயல் முழுதும் பரிவே என்பது ஒன்று. மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்க்கின்றான், சில நோயைப் பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்க்கின்றான் என்பது மற்றொன்று. முதலுவமையையே எங்கும் எடுத்துக் கூறுகின்றனர். எமக்கு இரண்டாவதே சிறந்ததாகத் தோன்றுகின்றது. மருத்துவன் கீறுவது நோயாளியிடத்துச் சினங்கொண்டன்று. சம்பந்தர் பெற்ற பாலும் நாவுக்கரசர் பெற்ற சூலையும் ஒரே மருத்துவன் கையினின்றும் வந்தன.

சூலைபற்றிய மற்றொரு சரிதமும் திருத்தொண்டர் புராணத்தில் உண்டு. ஏயர்கோன் கலிக்காம நாயனார், இறைவரைப் பரவையார்பால் தூதுவிட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள்மேற் சினங்கொண்டிருந்தார். இருவரையும் நட்பாக்கத் திருவுளங்கொண்ட இறைவர் கலிக்காமர்க்குச் சூலை தந்து, அதனை வன்றொண்டனே தீர்ப்பன் என்றார். அவரால் தீர்வதினும் தீராமை நன்றென்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்து உயிர்நீத்தார். வந்து கண்ட சுந்தரரும் அவ்வாளாலேயே உயிர்விடப் புக, இறையருளால் எழுந்த கலிக்காமர் அவர் கையைப் பற்றித் தடுத்தார்; இருவரும் நண்பராயினர். இங்கே சூலையுற்றவர் நெறிதவறியவரல்லர். இறைவனிடத்து வைத்த பேரன்பாலே சினந்தவர். நோய் கண்டவிடத்தெல்லாம் நெறிதவறுதலைத் தேடுவார்க்கு இச்சரிதம் தடையாக நிற்கின்றது. சேக்கிழார் பெருமான் இவ்விரண்டையும் ஒரே புராணத்தில் வைத்தருளியதை மறக்கலாகாது.

சூலை தீர்ந்தபின் நிகழ்ந்தன யாவரும் அறிந்தன. பல்லவன் சுவாமிகளை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சு கலந்த பாலடிசில் ஊட்டுவித்தான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் இடுவித்தான். கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூர்க் கரையிலே சேர்த்தது; முன்னர் நோயோடு இரவில் நீங்கிய ஊர்க்கே பகலிற் பலர் எதிர்கொள்ள வந்தார். அரசன் சைவனாகிப் பாடலிபுத்திரத்துப் பள்ளியை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மன் பெயர்களுள் ஒன்றாதலும், சிராப்பள்ளிக் குகைக்கோயிற் கல்வெட்டு அவன் வேற்று நெறியினின்றும் திரும்பினமையைக் குறித்தலும் பற்றி, அவ்வரசன் இவனே என ஆராய்ச்சியாளர் பலர் கொண்டனர். இவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியினன்.

சூலை உற்ற அவ்வுடலைச் சுவாமிகள் பின்னர் என் செய்தார் என்பதே எமக்கு இன்பந் தருவது. பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்திலே, அமணரொடு பழகிய இவ்வுடலோடு உயிர்வாழ்தற்கு இசையேன் என்று முறையிட்டுச் சூலமும் இடபமுமாகிய இலச்சினையைத் தோளிலே பொறிக்கப் பெற்றார். சூலத்தாற் குத்தினாற் போன்ற வலியுற்ற மேனி சூலப்பொறி தாங்கிய மேனியாயிற்று. அதன்பின் உழவாரம் கையை விட்டு நீங்கவில்லை. குந்தியிருந்தும் குனிந்தும் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் தொண்டு, வயிற்றிலும் இடுப்பிலும் வலியுற்றாரால் சிறிதும் இயலாதது. அதனையே தம் வாழ்நாள் முழுதும் செய்தார். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபொழுது இறைவர் நாடோறும் படிக்காசு தந்தார். சம்பந்தர் பெற்ற காசு வட்டங்கொடுத்து மாற்ற வேண்டியதாயிருந்தது. நாவுக்கரசர் பெற்றதோ வாசியற்ற காசு. கைத்தொண்டு செய்பவர் என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது.

சீகாழியிலே சம்பந்தர் அவரை அப்பரே என்றழைத்தார். திங்களூரிலே அப்பூதியடிகளது மூத்த மகன் வாழைக்குருத்து அரியச் சென்று அரவு தீண்டி இறந்தபோது, அதனை மறைத்து அமுதூட்ட முற்பட்ட பெற்றோரை வினவி அறிந்து, திருக்கோயில் முன்னர் அவ்வுடலைக் கொணர்வித்துப் பதிகம் பாடி எழுப்பினார். பிறர் துன்பம் தம்மிடத்து மறைக்கப்படினும் சுவாமிகள் உணவிலே கைவைக்கமாட்டாது தடுமாறினார் என்பதை நோக்குக. பெருவலியுற்றுத் தேறினார் பலர் பிறர் வலியை எளிதாக எண்ணுவர், இவர் அத்தகையாரல்லர்.

கயிலையை நோக்கிச் சென்றபொழுது மீண்டும் அவ்வுடல் பெருந்துன்பம் உற்றது. கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், கைகளும் கரைய மார்பால் உந்தினார், மார்பும் தேயப் புரண்டு சென்றார். அன்று பள்ளியறையிற் புரண்டது தாமே வேண்டாத வலியால்; இன்று மலைவழியிற் புரள்வது தாமே விரும்பிய வேட்கையால். முனிவர் வேடங்கொண்டு வந்து மீள்க என்றவர்க்கு, அழியும் இவ்வுடலைக்கொண்டு கயிலை காணாது மீளேன் என்றார். இறைவர் ஆங்கோர் பொய்கையில் மூழ்குக என்று பணிக்க, மூழ்கியவர் திருவையாற்றிலே எழுந்தார். முதுமையிலே திருப்பூந்துருத்தியிற் சம்பந்தர் சிவிகையைப் பிறர் அறியாது தோளில் தாங்கி வந்ததும் அதே உடலோடுதான்.

பிற்காலத்தில் அருளிய பதிகங்களிலும் சுவாமிகள் தாம் புறச்சமயத்திற் கழித்த நாளை நினைந்து இரங்குதல் காணலாம். வலி மறந்தது, வலி வந்த வழி மறக்கவில்லை.

இறுதியிலே திருப்புகலூரை அடைந்து தங்கினார். உழவாரம் இட்ட இடந்தோறும் பொன்னும் மணியும் மின்ன, அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒப்ப வாரித் திருக்குளத்தில் எறிந்தார். தேவமாதர் வந்து ஆடியும் பாடியும் சித்தம் திரிந்திலர். சைவ மரபு அவர்க்குத் திருவகவை 81 என்று கூறும். திருப்புகலூரில் அருளிய இறுதிப் பதிகத்திலும் உடலைப்பற்றிய பேச்சுண்டு. ஒன்பது வாயிலையுடைய இவ்வீட்டின் கதவுகள் ஒருசேர அடைபடும்போது நினைத்தற்கு ஆற்றல் இராது என்கின்றார். அதிகையிற் பாடியபோது நோயை விலக்குக என்று வேண்டினார். புகலூரிற் பாடியபோது விலக்க வேண்டுவதாக ஒன்றும் கூறவில்லை. கதவடையுமுன் திருவடிக்கே வருகின்றேன் என்றார். சித்திரைத் திங்கட் சதய நாளில் அவ்வாறே அடைந்தார்.